கரம்பொன்னிலிருந்து ரொறன்ரோ எவ்வளவு தூரம்?
விமானப் பயணத் தூரமும் நேரமும் பற்றி ஒரு சிறு பாடம்



இந்த முறை பாடப் பகுதியில் விமானத்தைப் பற்றி எழுதுகிறோம். "லயத்தில இருக்கிற எங்களுக்கு விமானம் எதுக்குங்க ஐயா?" என்று சிலர் கேட்கலாம். இன்று எந்தத் தோட்டத்தை எடுத்தாலும் குவைத்திலோ, ரியாத்திலோ, டுபாயிலோ வேலை செய்யும் ஒரு பிள்ளை இல்லாத லயம் குறைவு. பிள்ளை எத்தனை மணிக்கு ஏறும், எத்தனை மணிக்கு இறங்கும், அங்கே இப்போது பகலா இரவா என்று கணக்குப் பார்க்கத் தெரியாமல் அல்லல்படுகிற தாய் தகப்பனை நாம் ஒவ்வொரு மாதமும் பார்க்கிறோம்.

இந்தப் பாடத்தை எழுத வேறொரு காரணமும் உண்டு. அது எமது சொந்தத் தவறு. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

எமது பிழை

சில வருடங்களுக்கு முன் எமது தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் ஒரு தாயின் மகளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. விமானச் சீட்டை எடுத்துக்கொண்டு தாயும் மகளும் எம்மிடம் வந்தார்கள். சீட்டில் 15ஆம் திகதி, 00:50 என்று இருந்தது. நாம் அதைப் பார்த்து, "15ஆம் திகதி இரவு 12 மணி 50 நிமிடம். அன்றைக்குப் பகல் அட்டனிலிருந்து புறப்பட்டால் போதும்" என்று சொன்னோம்.

அவர்களும் அப்படியே புறப்பட்டு, 15ஆம் திகதி இரவு 9 மணிக்குக் கட்டுநாயக்கவில் போய் நின்றார்கள். விமானம் அதற்கு முதல் நாள் இரவே போய்விட்டது. 00:50 என்பது 15ஆம் திகதி பிறந்து ஐம்பது நிமிடம். அதாவது 14ஆம் திகதி இரவுச் சாப்பாடு முடிந்து, நள்ளிரவு தாண்டிய உடனே. அவர்கள் 14ஆம் திகதி பின்னேரமே தோட்டத்தை விட்டு இறங்கியிருக்க வேண்டும்.

மறு சீட்டு எடுக்க அந்தத் தாய் காதுத் தோட்டைக் கழற்றி அடகு வைத்தார். நாமும் எம்மால் முடிந்ததைக் கொடுத்தோம். "நீங்க படிச்சவங்க சொன்ன தேதிக்குத்தானே ஐயா போனோம்" என்று அவர் சொன்ன ஒரு சொல் இன்னும் எம் காதில் கிடக்கிறது. இனி யாருக்கும் அப்படி நேரக்கூடாது. அதனால் இதைப் படித்தவர்கள் படிக்காதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். பிள்ளைகள் கணக்குகளைக் கொப்பியில் செய்து பாருங்கள்.

தூரம் இரண்டு வகை

நாம் பிறந்த ஊர் கரம்பொன். யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியில் ஊர்காவற்றுறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. எங்கள் ஊரில் தூரத்தைக் கட்டையில் சொல்பவர்கள் குறைவு. "நெடுந்தீவு எவ்வளவு தூரம்?" என்று கேட்டால், "குறிகட்டுவானில வள்ளம் ஏறினால் ஒரு மணித்தியாலம்" என்பார்கள். தோட்டத்திலும் அப்படித்தான். "மேல் டிவிசனுக்கு அரை மணி நேர ஏத்தம்" என்கிறீர்கள். தூரத்தை நேரத்தால் அளப்பது எல்லா மக்களுக்கும் பழக்கம். அதில் பிழை இல்லை. ஆனால் விமானக் கணக்குக்கு இரண்டையும் பிரித்து அறிய வேண்டும்.

கரம்பொன்னிலிருந்து பலாலி விமான நிலையத்துக்குக் காகம் பறக்கிற மாதிரி நேரே போனால் சுமார் 25 கிலோமீற்றர். வீதியால் போனால் தீவைக் கடந்து, பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம் வந்து, பிறகு வடக்கே திரும்ப வேண்டும். 40 கிலோமீற்றருக்கு மேல் ஆகிவிடும். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ரயில் பாதை ஏறக்குறைய 400 கிலோமீற்றர். ஆனால் கட்டுநாயக்கவிலிருந்து பலாலிக்கு வானத்தில் நேர்க்கோடு சுமார் 290 கிலோமீற்றர்தான்.

விமானத் தூரம் என்பது இந்த நேர்க்கோடு. மலை, ஆறு, கடல் எதுவும் அதற்குத் தடை இல்லை.

நேர்க்கோட்டை அளப்பது எப்படி?

பூமி உருண்டை. அதைச் சுற்றி ஒரு கயிறு கட்டினால் ஏறக்குறைய 40,000 கிலோமீற்றர் நீளம் வரும். ஒரு வட்டத்தில் 360 பாகை. 40,000ஐ 360ஆல் பிரித்தால் ஒரு பாகைக்குச் சுமார் 111 கிலோமீற்றர். இந்த 111 என்ற எண்ணைப் பிள்ளைகள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு கணக்கு. பலாலி, மத்திய கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 9.8 பாகையில் இருக்கிறது. சென்னை விமான நிலையம் 13 பாகையில் இருக்கிறது. இரண்டும் கிழக்கே 80 பாகைக் கோட்டை ஒட்டியே இருப்பதால், ஒன்றுக்கு நேர் மேலே மற்றது. வித்தியாசம் 3.2 பாகை. 3.2ஐ 111ஆல் பெருக்கினால் 355 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ரயிலில் போகிற தூரத்திலும் சென்னை கிட்ட.

இந்தப் பாதை புதியது அல்ல. எயார் சிலோன் நிறுவனம் 1947 டிசம்பர் 10ஆம் திகதி தன் முதற் பயணத்தைத் தொடங்கியபோதே, இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்குப் பறந்தது. யுத்த காலத்தில் அந்த வழி அற்றுப் போனது. 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பர் மாதத்தில் சென்னைச் சேவை ஆரம்பித்தது. 2020இல் கொரோனாவினால் நின்றது. 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது.

நகரங்கள் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் கணக்குக் கொஞ்சம் கடினம். அதற்கு ஒரு நூல் போதும். பாடசாலையில் உள்ள பூகோள உருண்டையை எடுங்கள். அதன் நடுவயிற்றைச் சுற்றி நூலைப் பிடித்து அளவுகோலில் வைத்துப் பாருங்கள். 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள உருண்டை என்றால் 94 சென்ரிமீற்றர் வரும். 94 சென்ரிமீற்றர் என்பது 40,000 கிலோமீற்றர். ஆகவே ஒரு சென்ரிமீற்றர் என்பது ஏறக்குறைய 425 கிலோமீற்றர். இனிக் கொழும்பில் நூலின் ஒரு முனையை வைத்து, லண்டனுக்கு இறுக்கி இழுங்கள். இருபதரைச் சென்ரிமீற்றர் வரும். 20.5ஐ 425ஆல் பெருக்குங்கள். 8,700 கிலோமீற்றர். சரியான விடை அதுதான்.

சுவரில் தொங்கும் படத்தில் அளக்கக் கூடாதா? கூடாது. தோடம்பழத் தோலை உரித்துப் பலகையில் தட்டையாக அமர்த்திப் பாருங்கள். ஓரங்கள் கிழியும். கிழியாமல் அமர்த்த வேண்டுமென்றால் மேலும் கீழும் இழுத்து நீட்ட வேண்டும். உலகப் படமும் அப்படி இழுத்து நீட்டிய தோல்தான். வடக்கே உள்ள நாடுகள் அதில் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். நேர்வழியும் வளைந்து தெரியும்.

இதற்கு நல்ல உதாரணம் ரொறன்ரோ. எங்கள் கரம்பொன் சனத்தில் எத்தனையோ குடும்பங்கள் இப்போது அங்கேதான். சுவர்ப் படத்தைப் பார்த்தால் கொழும்பிலிருந்து மேற்கே போய், ஆபிரிக்காவைக் கடந்து, அத்லாந்திக் கடலைத் தாண்ட வேண்டும் போலத் தோன்றும். உருண்டையில் நூலை இழுத்துப் பாருங்கள். அது வடக்கே போகும். இந்தியா, ரஷ்யா, நோர்வே பின்லாந்து நாடுகளின் வட கோடி, கிறீன்லாந்து என்று பனிக் கடல் பக்கமாகப் போய்க் கனடாவுக்குள் இறங்கும். அந்த நூலின் நீளம் 14,000 கிலோமீற்றர். உலகத்தைச் சுற்றும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் கூட.

தூரத்திலிருந்து நேரம்

பெரிய ஜெட் விமானம் 10 முதல் 12 கிலோமீற்றர் உயரத்தில், மணித்தியாலத்துக்கு 850 முதல் 900 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும். பிதுருதலாகலை மலை இரண்டரைக் கிலோமீற்றர் உயரம். அதைப் போல நான்கு மலையை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் விமானம் போகிற உயரம். அங்கே காற்று அடர்த்தி குறைவு, தடை குறைவு, எண்ணெய்ச் செலவும் குறைவு. அதனால்தான் அவ்வளவு மேலே போகிறார்கள்.

ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் இராது. ஆகவே ஒரு எளிய விதி: தூரத்தை 850ஆல் பிரியுங்கள், அதோடு அரை மணித்தியாலம் கூட்டுங்கள். இந்த விதியால் கட்டுநாயக்கவிலிருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய இப்படி வரும்:

சென்னை – 650 கிலோமீற்றர் – ஒன்றேகால் மணித்தியாலம்
கோலாலம்பூர் – 2,470 கிலோமீற்றர் – மூன்றரை மணித்தியாலம்
டுபாய் – 3,290 கிலோமீற்றர் – நாலரை மணித்தியாலம்
ரியாத் – 4,040 கிலோமீற்றர் – ஐந்தேகால் மணித்தியாலம்
குவைத் – 4,150 கிலோமீற்றர் – ஐந்தரை மணித்தியாலம்
பாரிஸ் – 8,500 கிலோமீற்றர் – பத்தரை மணித்தியாலம்
லண்டன் – 8,700 கிலோமீற்றர் – பதினொரு மணித்தியாலம்

பலாலியிலிருந்து சென்னைக்கு முதலில் விடப்பட்டது காற்றாடி பூட்டிய சிறிய விமானம். அதன் வேகம் சுமார் 500 கிலோமீற்றர். அப்படியானால் 850க்குப் பதில் 500ஆல் பிரிக்க வேண்டும். 355 கிலோமீற்றருக்கு அதுவும் ஒன்றேகால் மணித்தியாலம் ஆகிறது.

போகிற நேரமும் வருகிற நேரமும் ஒன்றாக இருப்பதில்லை. உயர வானத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஒரு பலத்த காற்றோட்டம் உண்டு. சில வேளை மணித்தியாலத்துக்கு 200 கிலோமீற்றரையும் தாண்டும். கிழக்கே வரும் விமானத்தை அது பின்னாலிருந்து தள்ளும். மேற்கே போகும் விமானத்தை எதிர்த்து நிற்கும். அதனால் லண்டனுக்குப் போக 11 மணித்தியாலம் எடுத்தால், வருவதற்குப் பத்துப் பத்தரை போதும். கொழுந்துக் கூடையோடு ஏற்றம் ஏறுவதற்கும் இறக்கம் இறங்குவதற்கும் உள்ள வித்தியாசம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாசிகசாலையில் ஒரு பையன் கேட்டான்: "சேர், பூமி கிழக்கே சுத்துதுதானே. அப்ப மேற்கே போற பிளேனுக்குக் கீழே ஊர் தானா வந்திடாதா?" நல்ல கேள்வி. வராது. பூமி சுற்றும்போது காற்றையும் சேர்த்தே கொண்டு சுற்றுகிறது. ஓடுகிற ரயிலுக்குள் நின்று ஒரு நாணயத்தை மேலே எறிந்தால், அது உங்கள் கையிலேயே விழுகிறது. பின் பெட்டியில் போய் விழுவதில்லை. அப்படித்தான் இதுவும்.

ஊருக்கு ஊர் வேறு மணி

இப்போதுதான் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். காலையில் கிழக்குப் பார்த்த மலைக்கு வெயில் முதலில் படுகிறது. மேற்குச் சரிவு இன்னும் நிழலில் கிடக்கும். உலகமும் அப்படியே. கிழக்கே உள்ள மலேசியாவுக்கு நமக்கு முன்பே விடிந்துவிடும். மேற்கே உள்ள குவைத்துக்குப் பிந்தித்தான் விடியும். பூமி 24 மணித்தியாலத்தில் 360 பாகை சுற்றுவதால், 15 பாகைக்கு ஒரு மணித்தியாலம் வித்தியாசம்.

எந்த ஊரில் எவ்வளவு என்பதை அரசாங்கங்கள் முடிவு செய்கின்றன. நம் நாட்டிலேயே 1996இல் கடிகாரத்தை முன்னே தள்ளினார்கள். "புது நேரமா பழைய நேரமா?" என்று சனம் கேட்டுத் திரிந்தது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 2006 ஏப்ரலில்தான் பழையபடி ஆனது. இப்போது இலங்கை நேரத்தோடு பார்த்தால்:

மலேசியா, சிங்கப்பூர் – நமக்கு இரண்டரை மணித்தியாலம் முன்
டுபாய் – நமக்கு ஒன்றரை மணித்தியாலம் பின்
குவைத், சவூதி, கட்டார் – நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்
பாரிஸ் – குளிர் காலத்தில் நாலரை, கோடையில் மூன்றரை பின்
லண்டன் – குளிர் காலத்தில் ஐந்தரை, கோடையில் நாலரை பின்
ரொறன்ரோ – குளிர் காலத்தில் பத்தரை, கோடையில் ஒன்பதரை பின்

குளிர் நாடுகளில் கோடை வெளிச்சத்தைப் பயன்படுத்த மார்ச் மாதத்தில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் கூட்டுவார்கள். ஐரோப்பாவில் ஒக்டோபர் கடைசியிலும் கனடாவில் நவம்பர் தொடக்கத்திலும் அதைக் குறைத்துவிடுவார்கள். இலங்கையில் அந்த வழக்கம் இல்லை.

குவைத்தில் பிள்ளை இரவு 10 மணிக்கு வேலை முடித்துப் பேச எடுத்தால் இங்கே நள்ளிரவு 12:30. "ஏன் இந்நேரத்துக்கு எடுக்கிறாள், என்ன ஆபத்தோ" என்று பதற வேண்டாம். அவளுக்கு அப்போதுதான் கை ஓய்ந்திருக்கும். இங்கே காலை 6 மணிக்குப் பிரட்டுக்களத்தில் நிற்கும்போது, குளிர் காலமானால் ரொறன்ரோவில் முதல் நாள் இரவு ஏழரை.

விமானச் சீட்டில் உள்ள நேரம்

சீட்டில் போட்டிருக்கும் நேரம் அந்தந்த ஊர் நேரம். புறப்படும் நேரம் புறப்படும் ஊருக்குரியது. இறங்கும் நேரம் இறங்கும் ஊருக்குரியது. உதாரணமாக, கொழும்பில் 18:30க்குப் புறப்பட்டு டுபாயில் 21:25க்கு இறங்கும் என்று இருந்தால், "மூன்று மணித்தியாலம்கூட இல்லையே" என்று நினைக்கக் கூடாது. கழித்தால் 2 மணி 55 நிமிடம். டுபாய் ஒன்றரை மணித்தியாலம் பின் என்பதால் அதையும் கூட்ட வேண்டும். 4 மணி 25 நிமிடம். அதுதான் வானத்தில் இருக்கும் நேரம்.

திரும்பி வருவதற்குக் கழிக்க வேண்டும். குளிர் காலத்தில் லண்டனில் இரவு 20:40க்குப் புறப்பட்டு, மறுநாள் 12:10க்குக் கட்டுநாயக்கவில் இறங்கினால் இடையில் பதினைந்தரை மணித்தியாலம். அதில் ஐந்தரையைக் கழித்தால் 10 மணித்தியாலம். இதை மனதில் பதிக்க ஒரு வாக்கியம்: மேற்கே போனால் கூட்டு, கிழக்கே வந்தால் கழி.

கரம்பொன் அடிகளாரின் நகரங்கள்

எங்கள் ஊரில் 1913 ஓகஸ்ட் 2ஆம் திகதி ஒரு பிள்ளை பிறந்தது. பிற்காலத்தில் உலகமெல்லாம் தனிநாயகம் அடிகள் என்று அறிந்த தமிழறிஞர் அவர். 1934இல் ரோமாபுரிக்குப் படிக்கப் போனார். அந்தக் காலத்தில் கொழும்பிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலில் சுயஸ் கால்வாய் வழியாக இரண்டு மூன்று வாரம் எடுக்கும். இன்று பாரிசுக்குப் பத்தரை மணித்தியாலம்.

அவர் கண்ட நாடுகளுக்குக் கணக்கில்லை. தம் பயணங்களை 'ஒன்றே உலகம்' என்ற நூலாகவே எழுதினார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த காலத்தில், 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழ் மாநாடு கூட அவரே முன்னின்றார். இரண்டாவது 1968இல் சென்னையில். மூன்றாவது 1970இல் பாரிசில். நான்காவது 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில். 1980இல் அவர் காலமானார்.

பிள்ளைகளே, இந்த நான்கு ஊரையும் உருண்டையில் நூலால் இணைத்துப் பாருங்கள். கோலாலம்பூரிலிருந்து சென்னை 2,600 கிலோமீற்றர். சென்னையிலிருந்து பாரிஸ் 8,000. பாரிசிலிருந்து யாழ்ப்பாணம் 8,300. மொத்தம் ஏறக்குறைய 18,900. பூமியைப் பாதி சுற்றுவதற்குக் கொஞ்சம் குறைவு. தமிழ் மாநாடு அவ்வளவு தூரம் சுற்றி, அவர் பிறந்த தீவுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

தம்பி எப்போது வருவான்?

இனி எமது வீட்டுக் கணக்கு ஒன்று. சில வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரி மாதம், வெள்ளிக்கிழமை, கரம்பொன்னில் எமது தாயார் காலமானார். எமது தம்பி ரொறன்ரோவில் இருக்கிறான். அவன் வராமல் எடுக்க மனமில்லை. வீட்டில் கூடியிருந்த சொந்தக்காரர் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். "வெள்ளி இரவு ஏறுறான் எண்டால் சனி இரவு வந்திடுவான்தானே. ஞாயிறு காலமை எடுப்பம்" என்று பெரியப்பா சொன்னார். ஐயரோ, பறையோ, பந்தலோ, எல்லாருக்கும் நேரம் சொல்ல வேண்டும். நாம் ஒரு கடதாசியை எடுத்து இப்படி எழுதினோம்:

ரொறன்ரோவில் வெள்ளி இரவு 10:00 மணி. நமக்கு அது சனி காலை 8:30.
டுபாய் வரை வானத்தில் 12 மணி 45 நிமிடம். நமக்குச் சனி இரவு 9:15.
டுபாயில் காத்திருப்பது 7 மணித்தியாலம். நமக்கு ஞாயிறு விடியப்புறம் 4:15.
கட்டுநாயக்க வரை 4 மணித்தியாலம். ஞாயிறு காலை 8:15.
வெளியே வர ஒரு மணித்தியாலம். 9:15.
வானில் கரம்பொன் வர எட்டு எட்டரை மணித்தியாலம். ஞாயிறு மாலை ஐந்தரை, ஆறு.

பாருங்கள், எல்லா நேரத்தையும் ஒரே ஊர் நேரத்துக்கு மாற்றி எழுதினால் குழப்பமே இல்லை. இதுதான் இரகசியம். வானத்தில் இருந்தது பதினாறே முக்கால் மணித்தியாலம். ஆனால் வீடு வர முப்பத்து மூன்று மணித்தியாலத்துக்கும் மேல். விமான நேரம் வேறு, பயண நேரம் வேறு.

கடதாசியைப் பெரியப்பாவிடம் காட்டினோம். அவர் இரண்டு தரம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "அப்ப திங்கள் காலமை பத்து மணிக்கு வைப்பம்" என்றார். தம்பி ஞாயிறு மாலை ஆறு மணிக்குப் படலையைத் திறந்துகொண்டு வந்தான். ஓர் இரவு முழுக்க அம்மாவின் பக்கத்தில் இருந்தான். ஞாயிறு காலை எடுத்திருந்தால், கொழும்பில் இறங்குகிற நேரத்தில் அவனுக்கு அம்மா இல்லை. கூட்டல் கழித்தல் தெரிந்ததால் கிடைத்த இரவு அது.

வெளிநாடு போகிறவர்கள் கவனிக்க

ஒன்று: நேரம் 00 என்று தொடங்கினால் அது நள்ளிரவுக்குப் பின். சீட்டில் உள்ள திகதிக்கு முதல் நாள் மாலையே தோட்டத்தை விட்டு இறங்குங்கள். 01, 02, 03, 04 என்று இருந்தாலும் அப்படியே.

இரண்டு: விமானம் ஏறுவதற்கு மூன்று மணித்தியாலம் முன் கட்டுநாயக்கவில் நிற்க வேண்டும். அட்டன், நுவரெலியாப் பக்கத்திலிருந்து வானில் நாலைந்து மணித்தியாலம். மண்சரிவு, மழை என்றால் இன்னும் கூடும். ஆகவே சீட்டிலுள்ள நேரத்திலிருந்து பத்து மணித்தியாலத்தைப் பின்னோக்கி எண்ணுங்கள். 00:50 விமானம் என்றால், முதல் நாள் பின்னேரம் மூன்று மணிக்கு முன் வான் புறப்பட வேண்டும்.

மூன்று: இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் கூட்டல் அடையாளமும் ஒன்றும் போட்டிருந்தால், மறுநாள் இறங்கும் என்று அர்த்தம்.

நான்கு: சீட்டின் பிரதி ஒன்றை வீட்டில் வையுங்கள். ஒருவர் சொன்னதை மட்டும் நம்பாமல் இரண்டு பேரிடம் காட்டுங்கள். எம்மிடம் காட்டினாலும் இன்னொருவரிடமும் காட்டுங்கள். இதை வெட்கமில்லாமல் சொல்கிறோம்.

கிட்ட உள்ள தூரம்

முடிக்கும் முன் ஒரு கணக்கு உங்களுக்காக. உங்கள் முன்னோர் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து வந்தவர்கள். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதே வருடம் கையெழுத்தான ஒப்பந்தத்தால் எத்தனையோ குடும்பங்கள் பிரிந்து, பாதி இங்கேயும் பாதி கோத்தகிரி, கூடலூர்ப் பக்கத்திலுமாக ஆனார்கள்.

அட்டனிலிருந்து கோத்தகிரிக்கு நேர்க்கோட்டில் எவ்வளவு தூரம் தெரியுமா? சுமார் 650 கிலோமீற்றர். எமது விதிப்படி ஒன்றேகால் மணித்தியாலம். பிரட்டுக்குப் போய், மேல் மலையில் முதல் கூடை நிறைகிற நேரம்கூட இல்லை. அவ்வளவு கிட்ட இருந்தும் நாற்பது வருடமாகக் கூடப்பிறந்த தங்கையின் முகம் பார்க்காத ஒரு பாட்டி எமது தோட்டத்தில் இருக்கிறார். இந்தக் கணக்கை அவருக்குச் சொன்னபோது, "அம்புட்டுத்தானா ஐயா?" என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பாஸ்போட்டு எடுக்க எவ்வளவு ஆகும்?" என்றார். இப்போது அவருடைய பிறப்புச் சான்றிதழைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

பிள்ளைகளுக்கு வீட்டு வேலை: உங்கள் லயத்திலிருந்து வெளிநாடு போயிருக்கும் ஒருவருடைய ஊரை எழுதுங்கள். உருண்டையில் நூல் வைத்துத் தூரத்தை அளவுங்கள். பறக்கும் நேரத்தைக் கணக்கிடுங்கள். இப்போது அங்கே என்ன மணி என்றும் எழுதுங்கள். விடைகளை நலன்புரி அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம்.

– தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்